மாற்றுத்திறனாளி சான்றிதழ் தரும் மருத்துவக் குழுவுக்கு: அவரை ஒருமுறை மார்க்கெட்டுக்கு அனுப்பிப் பாருங்கள்

டாக்டர்களுக்கு வணக்கம். விபத்தில் தலையில் அடிபட்ட என் வீட்டுக்காரருக்குச் சான்றிதழ் கேட்டு அவரோடு உங்கள் முன்னால் வந்தவள் நான்.

தலையில் அடிபட்டுப் பிழைத்த ஒருவருக்கு எத்தனை சதவீதம் குறைபாடு என்று முடிவு செய்யும்போது, அவரோடு வந்திருக்கும் வீட்டு ஆளிடமும் ஒரு பத்து நிமிஷம் பேசுங்கள். முடிந்தால் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பி ஒரு கடைக்கு அனுப்பிப் பாருங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்று சொல்வதற்குத்தான் கொஞ்சம் இடம் வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதே விஷயத்தை மகளை வைத்துக் கன்னடத்தில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலும் வாங்கியாயிற்று. அப்புறம் எதற்குத் தமிழில் என்றால், அன்றைக்கு அந்த அறையில் இருந்த உங்களில் இரண்டு பேர் எங்களை வைத்துக்கொண்டே "ஆளு நல்லாத்தானே இருக்காரு" என்று தமிழில்தான் பேசிக்கொண்டீர்கள். அதோடு, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களில் ஹலசூரு, மர்ஃபி டவுன், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்களும் படிக்கட்டும்.

என் வீட்டுக்காரரின் தொழில் என்ன என்று கேட்டு, படிவத்தில் 'சமையல்காரர்' என்று எழுதிக்கொண்டீர்கள். அவர் கல்யாண சமையல் கான்ட்ராக்டர். கரண்டி பிடிப்பது அந்த வேலையில் சின்னப் பகுதிதான். 300 இலைக் கல்யாணம் என்றால் யஷ்வந்த்பூர் யார்டில் மளிகை எடுக்க வேண்டும், கே.ஆர். மார்க்கெட்டில் விடியற்காலையில் காயும் வாழை இலையும் எடுக்க வேண்டும், வாடகைப் பாத்திரம், சிலிண்டர், பால், பரிமாற ஆட்கள், அதில் இரண்டு பேர் கடைசி நேரத்தில் போனை எடுக்கமாட்டார்கள், அதற்கு மாற்று ஆள், இதற்கு நடுவில் மண்டபத்துக்காரரோடு தண்ணீர்த் தகராறு, பெண் வீட்டாருக்குச் சர்க்கரை போடாத காபி, முதல் பந்தி எத்தனை மணிக்கு என்று முகூர்த்தத்தைப் பார்த்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு எந்த அடுப்பில் எது எப்போது ஏற வேண்டும் என்பது வரை எல்லாம் அவர் தலைக்குள்ளேயே ஓடும். ஒரு காகிதத்தில் எழுதி நான் பார்த்ததில்லை. வரவும் சரக்கும் மட்டும் கணக்கு நோட்டில் எழுதுவார், அந்த நோட்டு என் பொறுப்பில்.

அந்தத் தலையில்தான் அடி. கல்யாணம் முடிந்து பாத்திரத்தை எண்ணி ஒப்படைத்துவிட்டு நள்ளிரவில் ஸ்கூட்டரில் வரும்போது ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் விபத்து. போட்டிருந்தது சட்டி ஹெல்மெட், இடித்ததும் அது தனியாகப் பறந்துவிட்டது. (அந்த ஹெல்மெட்டை விற்கிறவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.) நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியின் அடிப்பக்கத்தில் ரத்தக்கட்டு. ஆபரேஷன் தேவைப்படவில்லை. கண் விழித்துப் பேச ஆரம்பித்த பிறகும் ரொம்ப நாள் அவருக்கு எதுவும் மனதில் தங்கவில்லை. காலையில் வந்து பார்த்துவிட்டுப் போன தம்பியை மத்தியானம் "ஏன் இன்னும் வரலை" என்பார். காயம் எவ்வளவு ஆழம் என்று கணிக்க, இப்படி ஞாபகம் நிற்காத காலம் எத்தனை நாள் நீடித்தது என்பது முக்கியமான அளவு என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு வாரத்தைத் தாண்டினாலே மிகக் கடுமை என்று வகைப்படுத்துவார்களாம். அந்த விவரம் அவருடைய டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரிகூட இல்லை. இருந்தது 'ஜிசிஎஸ் 15/15, நடக்கிறார், நிலை சீராக உள்ளது' என்பதுதான்.

15க்கு 15 என்றதும் சொந்தக்காரர்கள் முழு மார்க் என்று சந்தோஷப்பட்டார்கள். ஜிசிஎஸ் என்கிற அந்தக் கோமா அளவுகோலை 1974இல் கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் உருவாக்கியது, மயக்கத்தில் கிடப்பவர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறார் என்று பார்க்க. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கை காலை அசைக்கிறாரா, மூன்றே மூன்று விஷயம். 15 வாங்கியவர் விழித்திருக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், அவ்வளவுதான். அவர் ஒரு கல்யாணத்தை நடத்தித் தருவாரா, சமையல் கேஸை மூடுவாரா என்பதற்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் உங்கள் மேஜையில் அந்தக் காகிதம்தான் மேலாக இருந்தது, அதையே இரண்டு முறை புரட்டினீர்கள்.

சரி, அன்றைக்கு நடந்ததுக்கு வருகிறேன். கவுன்டரில் கேட்ட முதல் கேள்வி "கையா, காலா?" இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அப்படியென்றால் எதற்கு வந்தீர்கள் என்கிற பார்வை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன, தலைக்காயம் என்று ஒரு வகை கிடையாது. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்கின்சன் இரண்டையும் பெயர் சொல்லி நாள்பட்ட நரம்பியல் குறைபாடு என்று ஒரு கட்டம் இருக்கிறது, கடைசியில் அதில் எங்களைச் செருகினார்கள். அந்த அட்டவணையின் கடைசி வரியில், மத்திய அரசு அறிவிக்கும் வேறு எந்த வகையையும் சேர்க்கலாம் என்று இடம் விட்டிருக்கிறார்கள். சாலை விபத்துகளுக்குப் பேர்போன நாட்டில் அந்த வரியை இன்னும் ஏன் இதற்குப் பயன்படுத்தவில்லை என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அது டெல்லியில் கேட்க வேண்டிய கேள்வி, உங்களிடம் இல்லை.

உள்ளே நீங்கள் கேட்டவை: இன்றைக்கு என்ன தேதி, முதலமைச்சர் யார், மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டது, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னது, ஒரு கடிகாரம் வரையச் சொன்னது. எல்லாவற்றையும் செய்தார். கழித்தலில் உங்களுக்கு முன்னால் போய்விட்டார், காலமெல்லாம் கிலோ கணக்கு போட்டவர் ஆயிற்றே. "உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டீர்கள். "எனக்கு என்ன சார், நல்லா இருக்கேன், வீட்ல இருக்கிறவங்கதான் சும்மா பயப்படுறாங்க" என்றார், சிரித்துக்கொண்டே. நீங்களும் சிரித்தீர்கள். நான் கணக்கு நோட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தேன், விபத்துக்கு முந்தையது ஒன்று, பிந்தையது ஒன்று. "அதெல்லாம் வேண்டாம்மா" என்று ஓரமாகத் தள்ளிவைத்தீர்கள். 40க்குக் கீழே ஒரு எண்ணைப் போட்டீர்கள். அந்த எண்ணுக்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வெள்ளை நிறத்தில்தான் வரும். மஞ்சள் அட்டைக்கு 40 வேண்டும், சட்டம் தருகிற முக்கியமான சலுகைகளெல்லாம் அந்த 40இல்தான் தொடங்குகின்றன.

விபத்துக்குப் பிந்தைய அந்த நோட்டைத் திறந்திருந்தால் என்ன பார்த்திருப்பீர்கள் என்று சொல்கிறேன். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு இடத்தில் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். ஒரு பக்கத்தில் சரக்கு லிஸ்ட் பருப்பு வரை ஒழுங்காக வந்து, பருப்பே நான்கு முறை எழுதப்பட்டு, எண்ணெய் இல்லாமல் நின்றுபோயிருக்கிறது. யாரோ பழைய நண்பர் என்று வந்தவருக்கு ஒரு கல்யாணத்தின் அட்வான்ஸ் முழுவதையும் கைமாற்றாகக் கொடுத்ததை அவரே அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருக்கிறார், பெயர் மட்டும் எழுதவில்லை. வீட்டில் பீன்ஸ் நறுக்கச் சொன்னால் வைரம் வெட்டுகிற மாதிரி ஒரே அளவில் நறுக்குவார், சாப்பாட்டு நேரம் தாண்டியும் நறுக்கிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் அடுப்பில் குழம்பு தீய்ந்துகொண்டிருக்கும். 300 பேருக்கு சாம்பாருக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள், அளவோடு மளமளவென்று சொல்வார். செய்யச் சொன்னால் முதல் பாத்திரத்தை எடுத்துவைத்துவிட்டு நிற்பார்.

தெரிகிறது, செய்ய வரவில்லை. தலைக்காயத்தைப் பற்றிப் படிக்கிறவர்கள் இதற்கு ஃப்ரான்டல் லோப் பாரடாக்ஸ், அதாவது மூளை முன்பகுதியின் முரண், என்று பேரே வைத்திருக்கிறார்கள். எதிரில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டால் நன்றாகப் பதில் சொல்வார்கள், சோதனைத் தாளில் நல்ல எண் வாங்குவார்கள், வாழ்க்கையில் சரிந்துபோவார்கள். காரணம் எளிது. உங்கள் அறையில் எப்போது தொடங்க வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். வெளிச்சத்தம் இல்லை, போன் இல்லை, ஒரு நேரத்தில் ஒரே வேலை. மூளையின் முன்பகுதி செய்ய வேண்டிய வேலையை அந்த அறை அவருக்குச் செய்துகொடுத்துவிடுகிறது. பிறகு அது நன்றாக வேலை செய்கிறது என்று எழுதிக்கொடுக்கிறீர்கள்.

லண்டனில் ஷாலிஸ், பர்ஜஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை 1991லேயே காட்டிவிட்டார்கள். தலைக்காயம் பட்ட மூன்று பேர், மூன்று பேருக்கும் புத்திக்கூர்மைச் சோதனையில் நல்ல மதிப்பெண், ஆனால் வேலையிலும் வீட்டிலும் தடுமாற்றம். அவர்களைக் கடைவீதிக்கு அழைத்துப் போய்ச் சில சாமான்களை வாங்கச் சொன்னார்கள், சில தகவல்களை விசாரித்து எழுதச் சொன்னார்கள், குறிப்பிட்ட நேரத்துக்குக் குறிப்பிட்ட இடத்தில் இருக்கச் சொன்னார்கள், வாங்குவதற்கு இல்லாமல் எந்தக் கடைக்குள்ளும் நுழையக் கூடாது என்பதுபோலச் சில விதிகளையும் வைத்தார்கள். நாற்காலிச் சோதனையில் தெரியாதது கடைவீதியில் தெரிந்தது. அந்தச் சோதனை பிறகு பல வடிவங்களில், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே செய்கிற வடிவம் உட்பட, உலகம் முழுக்கப் போயிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. மறுவாழ்வுப் பயிற்சிக்கு நாங்கள் போகிற இடத்தில் ஒரு இளம் பெண் சைக்காலஜிஸ்ட் இருக்கிறார், அவர் ஒருநாள் இவரை ஹலசூரு மார்க்கெட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார். மூன்று சாமான் வாங்க வேண்டும், இன்ன தொகைக்குள் முடிக்க வேண்டும், ஒரு கடைக்கு இரண்டு முறை போகக் கூடாது, சோமேஸ்வரர் கோவிலில் மாலை நடை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று கேட்டுவர வேண்டும், அரை மணி நேரத்தில் கோவில் வாசலுக்கு வந்துவிட வேண்டும். நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். கொத்தமல்லி வாங்கினார். கடைக்காரர் பழைய பழக்கம், கன்னடத்தில் பேச்சு பிடித்துக்கொண்டது. பூசணி மலிவு என்று யாரோ சொல்ல, ஆட்டோ பிடிக்கிற அளவுக்குப் பூசணி வாங்கிவிட்டார். முதல் கடைக்கு மறுபடி போய் மறுபடி கொத்தமல்லி. கோவில் ஞாபகமே வரவில்லை. போய்க் கூப்பிட்டபோது விதி என்னவென்று அந்தப் பெண் கேட்டார். ஒன்று விடாமல் ஒப்பித்தார்! நான் இத்தனை நாள் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்ததை முதல் முறையாக வெளி ஆள் ஒருவர் பார்த்து எழுதிக்கொண்டார். அந்த அறிக்கையும் அன்றைக்கு என் பையில்தான் இருந்தது.

இன்னொரு சோதனை இருக்கிறது, அதற்கு மார்க்கெட்கூட வேண்டாம். ஒரு டப்பா காபித்தூள் போதும். கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே நீட்டுங்கள்.

இவருக்கு வாசனை போய்விட்டது. மூக்கிலிருந்து மூளைக்குப் போகிற மெல்லிய நரம்பு இழைகள் சல்லடை மாதிரி துளைத்த ஒரு எலும்பு வழியாகப் போகின்றன, தலை குலுங்கும்போது அங்கேயே அறுபட்டுப் போகலாம். அதற்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது முன்மூளையின் அடிப்பக்கம், அதாவது நிதானம், அடக்கம், எது முக்கியம் என்கிற தீர்மானம் இதற்கெல்லாம் பொறுப்பான இடம். ஒன்று அடிபட்டால் மற்றதையும் சந்தேகப்பட வேண்டும். 1988இல் வார்னி என்ற ஆய்வாளர், தலைக்காயத்தால் வாசனை முழுவதும் போன 40 பேரைப் பின்தொடர்ந்து பார்த்தார். வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர்கள் சொன்னவர்கள் அவர்கள், ஆனாலும் கிட்டத்தட்ட எல்லோருமே வேலையில் பெரும் சிக்கலைச் சந்தித்தார்கள். சமையல்காரர் என்று எழுதிக்கொண்ட பிறகாவது மூக்கைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் டாக்டர். உப்பும் புளிப்பும் காரமும் அவருக்குத் தெரிகிறது, பெருங்காயம் தெரியவில்லை. கடுகு வெடிப்பது காதுக்குக் கேட்கிறது, ரசம் நுரைத்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது, வெந்தயம் கருகுவதைச் சொல்ல மூக்கு ஒன்றுதான் உண்டு. கேஸ் கசிந்தாலும் அப்படித்தான். நான் வெளியே போகும்போது ரெகுலேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகிறேன்.

அவர் "நல்லா இருக்கேன்" என்று சொன்னதைப் பற்றி. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. தன்னிடம் என்ன மாறிவிட்டது என்பதைக் கவனிக்கிற பகுதியும் சேர்ந்தே அடிபட்டிருக்கிறது. கடுமையான தலைக்காயத்தில் இது சாதாரணமாகப் பார்க்கிற விஷயம். இதற்காகவே பிரிகட்டானோ என்ற நரம்பு உளவியலாளர் 1980களில் 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் தயாரித்தார். சமைக்க முடியுமா, பணத்தைக் கையாள முடியுமா, கோபத்தை அடக்க முடியுமா என்கிற மாதிரிக் கேள்விகள். நோயாளியும் நிரப்புவார், வீட்டு ஆளும் தனியாக நிரப்புவார், இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். நாங்கள் நிரப்பியபோது தன்னால் எல்லாம் முடியும் என்று அவர் போட்டிருந்தார், என் தாளைப் பார்த்தால் வேறு யாரையோ பற்றி எழுதியது போல இருந்தது.

மனநோய்க்குச் சான்று தரும்போது நீங்களே ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோலைப் பயன்படுத்துகிறீர்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கு பகுதி, கவனித்துக்கொள்பவரிடமும் கேட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். தலைக்காயத்துக்கு உலகம் முழுக்கப் பயன்படும் கிளாஸ்கோ விளைவு அளவுகோலின் விரிவான வடிவத்துக்கு 1998இல் கேள்வி முறை ஒன்று வகுத்தார்கள். அதில் கடைக்குத் தனியாகப் போய்வர முடிகிறதா, உள்ளூரில் துணையில்லாமல் போய்வர முடிகிறதா, பழைய வேலையைச் செய்கிறாரா, வீட்டில் சண்டை சச்சரவு வந்திருக்கிறதா என்றெல்லாம் கேட்க வேண்டும், குடும்பத்தாரிடமும் கேட்கலாம். 2001இல் நம் அரசிதழில் வந்த மதிப்பீட்டு நெறிகளிலேயே, நரம்பியல் குறைபாட்டில் நோயை அளக்க வேண்டாம், அதன் விளைவுகளை அளக்க வேண்டும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அதனால் புதிதாக எதையும் நான் கேட்கவில்லை. இருக்கிறதைச் செய்யுங்கள் என்கிறேன்.

வீட்டு ஆளின் பேச்சை நம்பினால் ஆளாளுக்குப் பொய் சொல்லிச் சதவீதத்தை ஏற்றிவிடுவார்களே என்று நீங்கள் நினைக்கலாம். 2024இல் போலிச் சான்று விவகாரம் நாடெங்கும் பேசப்பட்ட பிறகு அந்தப் பயம் கூடியிருக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஏமாற்ற வருகிறவர் "எனக்கு ஒன்றுமே இல்லை" என்று சொல்வாரா? தேதி தெரியாது, பெயர் மறந்துவிட்டது என்றுதான் நடிப்பார், உங்கள் நாற்காலிக் கேள்விகளில் நடிப்பது சுலபம். விதிகளைத் தப்பில்லாமல் ஒப்பித்துவிட்டு அவற்றை ஒன்றொன்றாக மீறி, அதைப் பற்றிக் கவலையே இல்லாமல் பூசணிக்காயோடு வந்து நிற்பதை நடித்துக்காட்டுவது கஷ்டம். மனைவியை நம்ப வேண்டாம் என்றால் அவரிடம் வேலை செய்த ஆட்களைக் கேளுங்கள், மண்டபத்துக்காரரைக் கேளுங்கள், நோட்டைப் பாருங்கள்.

உங்கள் எண் எங்கெல்லாம் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓய்வூதியம், பஸ் பாஸ் இவை ஒரு பக்கம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் இன்சூரன்ஸ் வக்கீல் அந்தச் சான்றைத்தான் தூக்கிக் காட்டுவார். டாக்டர் போடும் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் இழப்பும் ஒன்றில்லை என்று 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இடது கை போனால் ஓட்டுநருக்கோ தச்சருக்கோ பிழைப்பே போய்விடலாம், அரசு எழுத்தருக்குச் சம்பளம் குறையாமலே இருக்கலாம் என்று உதாரணமும் காட்டியது. மூக்கும் திட்டமிடும் திறனும் போன சமையல் கான்ட்ராக்டரை அந்த வரிசையில் எங்கே வைப்பது? தீர்ப்பாயம் அதைத் தனியாக ஆராய வேண்டும், உண்மைதான். ஆனால் ஆராய்வதற்கு உங்கள் காகிதத்தில் ஏதாவது எழுதியிருக்க வேண்டுமே.

உயிரைக் காப்பாற்றும் கட்டத்தில் அரசு கைகொடுக்கிறது, அதை மறுக்கமாட்டேன். கர்நாடகத்தில் 2016இல் தொடங்கிய ஹரீஷ் சாந்த்வனா திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு 25,000 ரூபாய் வரை சிகிச்சை கிடைத்தது. தமிழ்நாட்டிலும் 2021 முதல் அதேபோல் 48 மணி நேரத் திட்டம் இருக்கிறது. 2025 மே மாதம் மத்திய அரசு கொண்டுவந்ததில் 7 நாள் வரை 1.5 லட்சம். எங்களுக்கு விபத்து நடந்தபோது அந்தக் கடைசித் திட்டம் இல்லை, இருந்திருந்தாலும் 7ஆம் நாள் இவர் கட்டிலிலிருந்து இறங்கி "பாத்திரம் எண்ணிட்டு வரேன்" என்று கிளம்பிக்கொண்டிருந்தார். மூளைக்கான பயிற்சி ஆரம்பிப்பதே அதற்குப் பிறகுதான், அதுவும் தினம் வந்துபோகிற சிகிச்சை. படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்கிற காப்பீடுகள் அதற்கு உதவாது. வந்துபோகிற தெரபிக்கும் பணம் தருகிற நிரமயா காப்பீடு ஒன்று இருக்கிறது, ஆண்டுக்கு 1 லட்சம் வரை, ஆனால் அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. அதில் தலைக்காயத்துக்குப் பெயர் இல்லை.

'இன்னும் தேறிவிடுவார்' என்றும் உங்களில் ஒருவர் சொன்னீர்கள், ஆறுதலாகத்தான் சொன்னீர்கள். அமெரிக்காவில் 1987 முதல் தலைக்காயம் பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். உள்நோயாளியாக மறுவாழ்வுச் சிகிச்சை பெற்றவர்களை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்ததில் 22 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், 30 சதவீதம் பேர் முன்பைவிட மோசமாகியிருந்தார்கள், 22 சதவீதம் பேர் அப்படியே, 26 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். நல்ல சிகிச்சை கிடைத்தவர்களின் கணக்கு இது. தேறலாம், கீழேயும் போகலாம், யார் எந்தப் பக்கம் என்பது ஒரு நாள் பார்வையில் தெரியாது. அதனால் இரண்டு மூன்று ஆண்டுக்குத் தற்காலிகச் சான்று கொடுத்து மறுபடி வரச்சொல்லுங்கள், அதற்கு முறை இருக்கிறதே.

இவரும் தேறித்தான் வருகிறார். எப்படி என்று எழுதினால் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உதவும். அன்றாட வேலைகளை மறுபடி பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் செய்தது, எங்கள் சமையலறையைப் படம் எடுத்துவரச் சொன்னது. ஒரு சமையலை எட்டுப் பத்துப் படியாக உடைத்து, ஒரு படிக்கு ஒரு அட்டை, முடிந்ததும் அட்டையைத் திருப்பிவைக்க வேண்டும். தப்பு செய்து கற்கட்டும் என்று விடாமல், தப்பே நடக்காதபடி கூடவே இருந்து பழக்க வேண்டும் என்றார், ஞாபகம் அடிபட்டவருக்குத் தப்பும் சேர்ந்தே பதிந்துவிடும் என்பதால். போனில் அலாரம், அலாரம் அடித்ததும் "இப்போ நான் என்ன செஞ்சிட்டிருக்கேன்" என்று வாய்விட்டுக் கேட்டுக்கொள்வது. மத்தியானம் கட்டாயத் தூக்கம், களைப்பு வந்தால் கோபம் முந்திக்கொள்ளும். எத்தனை மாதம் ஆனது என்று கேட்காதீர்கள். இப்போது சின்ன விசேஷங்களுக்கு, வளைகாப்பு, புண்ணியாகவசனம் மாதிரி, காலை டிபன் மட்டும் எடுக்கிறோம். தங்கை மகன் கூடவே நிற்கிறான், அவன்தான் மூக்கு. பணம் என் கையில். இட்லி பழைய இட்லியேதான், சாப்பிட்டவர்கள் குறை சொன்னதில்லை.

இதைப் பார்த்துவிட்டு, சம்பாதிக்கிறாரே, பிறகு எதற்குச் சதவீதம் என்று கேட்டுவிடாதீர்கள். ஒரு ஆள் வேலைக்கு இப்போது மூன்று ஆள் நிற்கிறோம். நானும் பையனும் அட்டைகளும் இல்லாத அன்றைக்கு அவர் எப்படி இருக்கிறார் என்பதைத்தான் அளக்க வேண்டும்.

சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீட்டு மனு கொடுத்திருக்கிறேன். உங்கள் மேல் புகாராக எழுதவில்லை, ஒரு நாளில் உங்கள் முன்னால் எத்தனை பேர் வந்து நிற்கிறார்கள் என்பதை வரிசையில் நின்று பார்த்தவள்தான் நான். மனுவில் கேட்டிருப்பவை: வீட்டு ஆளின் படிவத்தையும் பதிவு செய்ய வேண்டும், பயிற்சி நிலையத்து அறிக்கையைக் கோப்பில் சேர்க்க வேண்டும், வாசனைச் சோதனை செய்ய வேண்டும், ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளாவது ஒரு கடைவீதிச் சோதனை வைக்க வேண்டும். உங்கள் வளாகத்திலேயே கேன்டீன், மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை மூன்றும் இருக்கின்றன, அது போதும். ஒரு பயிற்சி மாணவரைத் துணைக்கு அனுப்பினால் உங்கள் நேரமும் மிச்சம்.

பெஞ்சில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு: தலைக்காயம் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காதீர்கள். விபத்துக்கு முன்னும் பின்னும் அவர் கையால் எழுதியது எதுவானாலும் கொண்டுபோங்கள், கண் விழித்த பிறகு எத்தனை நாள் ஞாபகம் நிற்கவில்லை என்பதை இப்போதே எழுதி வையுங்கள், முதலாளியிடமோ கூட வேலை செய்தவரிடமோ ஒரு கடிதம் வாங்குங்கள். உள்ளே போனதும் "நல்லா இருக்கேன்" என்றுதான் அவர் சொல்வார், அதற்குத் தயாராகப் போங்கள்.

டாக்டர், விசாரணைத் தேதியை மட்டும் முகூர்த்த நாள் இல்லாத நாளாகப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். வளைகாப்பு ஆர்டர் இருந்தால் பையனை அனுப்ப முடியாது.

இப்படிக்கு,
அந்த இரண்டு நோட்டையும் மேஜையில் வைத்தவள்
ஹலசூரு, பெங்களூரு